கோமதியின் இடது கை

உ
முருகன் துணை

மயிலாப்பூர்,
26-8-1973, ஞாயிற்றுக்கிழமை

சௌபாக்கியவதி முத்துலட்சுமிக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அப்பா, உன் பெண் கோமதி மூவரும் சாப்பிட்டு, தூங்கி, சண்டை போட்டு, சமாதானமாகி, ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் அதே மாதிரி இருக்கிறீர்கள் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குக் காலைக் காபி ருசிக்கும். உன் போன கடிதம் வந்து சேர்ந்தது. சின்னவனுக்குக் கீழ்ப்பல் இரண்டு முளைத்ததையும், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பதையும், மாப்பிள்ளையின் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே போட்டதையும் உன் அப்பா சத்தம் போட்டுப் படித்தார். அடுத்த போர்ஷன் பங்கஜம் மாமி அங்கிருந்தே கேட்டு அங்கிருந்தே சிரித்தாள். இந்தத் தடவை நீலத்தாள் போதாது, கவரில் வைத்து எழுதுகிறேன். உன் அப்பா நான் எடுத்து வைத்திருக்கிற தாள்களைப் பார்த்துவிட்டு, கடிதம் எழுதப் போகிறாயா, ஜாம்பியாக்காரர்களுக்குப் பாடப்புத்தகம் எழுதப் போகிறாயா என்று கேட்டார். நீ வாயால் சொல்லு, அப்பா எழுதட்டும் என்று நீ எத்தனை தடவை சொன்னாலும் சரி, அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படித்த என் கை போதும் எனக்கு. இன்னொருவர் எழுதினால் அவர் யோசனையும் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சொல்ல வந்த விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோமதிக்குத் தலையில் ஓரிடத்தில் முடி போய்விட்டிருந்தது. இப்போது வளர்கிறது. காய்ச்சல் இல்லை, தொத்து வியாதி இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறாள், நேற்றுக்கூட இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால் போதவில்லை என்று என்னோடு தகராறு செய்தாள். அதனால் நீ பாதிக் கடிதத்தில் நிறுத்தி அழுதுகொண்டிருக்காதே, மாப்பிள்ளையைத் தந்தி ஆபீசுக்கு ஓட விடாதே. கடைசி வரைக்கும் படி, கடைசியில் உனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

ஆனி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அவளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். இடது காதுக்கு மேலே விரல் போகும்போது சொரசொர என்று இருந்தது. ஒதுக்கிப் பார்த்தால் எட்டணாக் காசு அகலத்துக்கு இடம் காலி. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். நம் குடும்பத்து முடி எப்படிப்பட்ட முடி. எனக்கு இந்த வயசிலும் கொண்டை ஒரு கைக்குள் அடங்காது, உன் பின்னல் இடுப்புக்குக் கீழே ஆடும், இவளுக்கு ஒன்பது வயசில் ரெட்டைப் பின்னலை மடித்துக் கட்டினாலும் தோளைத் தாண்டி நிற்கும். அந்தத் தலையில் காலி இடமா என்று எனக்குக் கை ஓடவில்லை. என்னடி இது என்றால், தெரியலையே ஆச்சி என்கிறாள். வலிக்கிறதா, அரிக்கிறதா, ஒன்றும் இல்லையாம். அன்றைக்கே பங்கஜம் மாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பார்த்த மாத்திரத்தில், இது திருஷ்டி தங்கம், எங்காத்துல நாத்தனார் பொண்ணுக்கும் இப்படித்தான் கொட்டிண்டே இருந்துது, வரவா போறவா எல்லாம் முடியைப் பார்த்து வாயைப் பொளந்தா வேற என்ன ஆகும் என்று சொல்லிவிட்டு, தண்ணியும் சரியில்லை, ஒரே உப்பு என்று அதையும் சேர்த்துக்கொண்டாள். உன் அப்பா சாயங்காலம் கடையிலிருந்து வந்தவர், நீ போகும்போது வைத்துவிட்டுப் போன ஷாம்பு பாட்டில்தான் காரணம், சீமைச் சரக்கு நம் தலைக்கு ஒத்துக்கொள்ளாது என்றார். பாட்டிலை இன்னும் திறக்கவே இல்லை, பீரோவில் அப்படியே இருக்கிறது என்று எடுத்துக் காட்டினேன். அப்படியா, அப்போ மூடி போட்டபடியே வேலை செய்கிறது போல இருக்கிறது என்றார். இவரோடு எப்படிக் குடித்தனம் பண்ணினேனோ.

நான் என்ன நினைத்தேன் என்றால், புழுவெட்டு. நம் பக்கத்தில் அதற்குக் கைவைத்தியம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே, சின்ன வெங்காயத்தை வெட்டித் தினமும் காலையில் அந்த இடத்தில் அழுத்தித் தேய்த்தேன். இரும்புச் சட்டியில் கரிசலாங்கண்ணியும் செம்பருத்தியும் போட்டு எண்ணெய் காய்ச்சினேன். தலையணை உறையெல்லாம் பச்சையாகப் போயிற்று. ஒரு மாதம் விடாமல் செய்தேன். காலி இடம் சுருங்குவதற்குப் பதிலாக அகன்றுகொண்டே போனது. பள்ளிக்கூடத்துக்கு இவளை ஏற்றிக்கொண்டு போகிற ரிக்‌ஷாக்காரர் தணிகாசலம் ஒருநாள் வாசலில் நின்று, இன்னா ஆச்சி, பாப்பா தலைல சாம்பார் கொட்டி அனுப்புறியா, வண்டி பூரா மணக்குது, எனக்குப் பசிச்சிக்கினே கீது என்று கேட்டார். நான் சிரித்தேன், கோமதி சிரிக்கவில்லை. வகுப்பில் அவளை வெங்காய பஜ்ஜி என்று கூப்பிடுகிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அதையும் அவளாகச் சொல்லவில்லை, கூடப் போகிற பெண் சொன்னாள்.

அப்புறம்தான் மொட்டை போட்டுவிடுவது என்று முடிவு பண்ணினேன். மொட்டை அடித்தால் புது முடி அடர்த்தியாக வரும், முருகனுக்கும் கொடுத்ததாக இருக்கும் என்று வடபழனிக்கு வேண்டிக்கொண்டேன். ஆடிக் கிருத்திகைக்கு என்று நாளும் வைத்தாயிற்று. சொன்னதும் பெண் ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டாள். உன் அப்பா குனிந்து கூப்பிட்டார், நான் குனிந்து கூப்பிட்டேன், மைசூர்பாகு காட்டினேன், வரவில்லை. உள்ளேயிருந்து சத்தமும் இல்லை, அழுகையும் இல்லை, அதுதான் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. ஆனாலும் நான் பிடித்த பிடியை விடுகிறவளா. நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அதற்குள் பள்ளிக்கூட டீச்சர் கூப்பிட்டு அனுப்பினாள். இது படர்தாமரை மாதிரி இருக்கிறது, மற்றப் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்ளும், டாக்டரிடம் காட்டிவிட்டு வகுப்புக்கு அனுப்புங்கள் என்றாள். எனக்கு வந்ததே கோபம், எங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் படர்தாமரையா, வாரத்தில் இரண்டு நாள் தலை முழுகுகிற வீடு என்று சொல்லிவிட்டு, அந்தக் கோபத்திலேயே கோமதியை இழுத்துக்கொண்டு ஆழ்வார்பேட்டைக்குப் போனேன். நம் டாக்டர் பஞ்சாட்சரத்தை உனக்கு ஞாபகம் இருக்கும், கல்யாணத்துக்கு முன்னால் உனக்கு டைபாய்டு வந்தபோது பார்த்தவர். அதே டிஸ்பென்சரி, அதே பெஞ்சு, அவர் தலைதான் வெளுத்துவிட்டது. போனதும் போகாததுமாக நான் புழுவெட்டு, திருஷ்டி, உப்புத்தண்ணி, வெங்காயம், மொட்டை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, வைத்தியத்தை எல்லாம் நீங்களே முடித்துவிட்டீர்கள், எனக்கும் ஏதாவது மிச்சம் வைத்திருக்கிறீர்களா என்றார்.

அவர் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டும் முத்து. சும்மா எட்டிப் பார்த்து மாத்திரை எழுதவில்லை. இரண்டு மூன்று மாதத்துக்கு முன்னால் காய்ச்சல் வந்ததா என்று கேட்டார், பெரிய காய்ச்சல் வந்தால் அப்போது கொட்டாது, மூன்று மாதம் கழித்துத்தான் கொட்டுமாம், உனக்கு டைபாய்டுக்குப் பிறகு கொத்துக் கொத்தாக வந்ததே, அது அதுதானாம். கண்ணிமையைக் கீழே இழுத்து ரத்தம் இருக்கிறதா என்று பார்த்தார், நகத்தைப் பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார். பூதக்கண்ணாடி வைத்து அந்த இடத்தை ரொம்ப நேரம் பார்த்தார். படர்தாமரை என்றால் செதில் செதிலாக இருக்கும், இங்கே தோல் சுத்தமாக இருக்கிறது என்று டீச்சரைத் தள்ளினார். புழுவெட்டு என்றால் கண்ணாடி மாதிரி மழமழ என்று இருக்கும், இங்கே ஒன்று நீளம் ஒன்று கட்டை என்று முளை முளையாக நிற்கிறது பாருங்கள் என்று என்னையும் தள்ளினார். பூதக்கண்ணாடியில் எனக்கும் காட்டினார், உண்மைதான், அறுத்த வயல் மாதிரி ஒழுங்காக இல்லை, ஆடு மேய்ந்த இடம் மாதிரி இருந்தது. பின்னல் யார் போடுகிறீர்கள் என்றார். நான்தான் என்று பெருமையாகச் சொன்னேன். ரிப்பனைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அம்மா, இதை வைத்துக் கிணற்றில் தண்ணீர் இறைக்கலாம், கொஞ்சம் தளர்த்திப் போடுங்கள், இழுத்து இழுத்துக் கட்டினால் நெற்றியோரத்தில் முடி போகும் என்றார். ஆனால் இது அதுவும் இல்லை என்றார். எனக்கு வருத்தம்தான், என் பின்னல் சாயங்காலம் வரைக்கும் ஒரு மயிர் பிரியாமல் நிற்கும் என்று தெருவே சொல்லும், ஆனாலும் கேட்டுக்கொண்டேன்.

அப்புறம் ஒரு காரியம் செய்தார். கோமதிக்கு ஒரு காகிதமும் பென்சிலும் கொடுத்து, எனக்கு ஒரு யானை வரைந்து கொடு பாப்பா என்று பக்கத்து ஸ்டூலில் உட்கார வைத்தார். என்னிடம் உன் அப்பாவின் மூட்டுவலியைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தார். நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன், அவர் கேட்டுக்கொண்டே கண்ணால் அந்தப் பக்கம் காட்டினார். திரும்பிப் பார்த்தேன். வலது கை யானை போட்டுக்கொண்டிருக்கிறது. இடது கை தன்பாட்டுக்கு மேலே போகிறது. காதுக்கு மேலே தேடுகிறது, ஒரு முடியை எடுத்து விரலில் சுற்றுகிறது, சுற்றிச் சுற்றி ஒரு சுண்டு, முடி கையோடு வந்துவிட்டது. அதைக் கீழே போட்டுவிட்டு மறுபடியும் மேலே போகிறது. அவள் கண் யானையை விட்டு நகரவே இல்லை. அவளுக்கே தெரியாமல் நடக்கிறது முத்து. நான் வாயைத் திறந்தேன், டாக்டர் டிராபிக் போலீஸ்காரர் மாதிரி கையைத் தூக்கி என்னை நிறுத்திவிட்டார்.

எடை பார்க்கலாம் வா என்று கம்பவுண்டர் அவளைக் கூட்டிக்கொண்டு போனதும் டாக்டர் எனக்குச் சொன்னார். சில பிள்ளைகள் நகம் கடிக்கும், சில பிள்ளைகள் விரல் சூப்பும், இவள் கை முடிக்குப் போகிறது, இது குறும்பும் இல்லை, பைத்தியமும் இல்லை, மனசில் ஏதாவது கனமாக இருந்தால் கை அதற்கு ஒரு வேலை தேடிக்கொள்ளும் என்றார். பிடுங்கிய முடியை வாயில் போடுகிறாளா, வயிற்றுவலி என்கிறாளா என்று துருவித் துருவிக் கேட்டார், விழுங்கினால் வயிற்றில் பந்தாகத் திரண்டுகொள்ளுமாம். நல்ல வேளை, அது இல்லை. திட்டாதீர்கள், கையை அடிக்காதீர்கள், கட்டிப் போடாதீர்கள், எடு எடு என்று சொல்லிக்கொண்டே இருக்காதீர்கள், அந்தக் கைக்கு வேறு வேலை கொடுங்கள் என்றார். மொட்டை என்றதற்குத் தலையை ஆட்டினார். தலையில் முடி இல்லாவிட்டால் கை சும்மா இருந்துவிடுமா, புருவத்துக்குப் போகும் என்றார். நான் அதை யோசிக்கவே இல்லை. கடைசியாக, வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்றார். மாப்பிள்ளைக்கு ஜாம்பியாவில் வாத்தியார் வேலை கிடைத்து நீங்கள் தை மாதம் புறப்பட்டதை, சின்னவன் கைக்குழந்தை என்று கூட்டிக்கொண்டு போனதை, இவள் படிப்பு நடுவில் கெடக் கூடாது என்று என்னிடம் விட்டதைச் சொன்னேன். குழந்தை என்ன சொல்கிறாள் என்றார். ஒன்றுமே சொல்ல மாட்டாள் டாக்டர், ரொம்ப நல்ல பிள்ளை, அம்மாவைக் கேட்டு ஒருநாள்கூட அழுததில்லை என்றேன், அதுவும் பெருமையாகத்தான் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அது எனக்கு நன்றாகப் புரிந்தது.

டீச்சருக்கு, இது தொத்து இல்லை என்று எழுதிக் கொடுத்தார். மூன்று வாரம் கழித்துக் கூட்டிக்கொண்டு வாருங்கள், குறையாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரியில் இதற்கென்று இருக்கிற டாக்டரிடம் அனுப்புகிறேன் என்றார். மருந்து எழுதவில்லை. வேலை மெனக்கெட்டுப் போய் மருந்து இல்லாமல் வருவதா என்று நான் எழுந்திருக்கவே இல்லை. ஒரு டானிக் எழுதி, இது உங்களுக்கு, வேளைக்கு ஒரு ஸ்பூன், மனசு ஆறும் என்றார். நானும் குடித்துக்கொண்டுதான் இருக்கிறேன், நல்ல பசி எடுக்கிறது. உனக்குச் சின்னவன் பிறந்த பிறகு சீப்பில் சுருள் சுருளாக வருகிறது என்று எழுதியிருந்தாயே, அதையும் மறக்காமல் கேட்டேன். குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் தாய்க்கு முடி கொட்டும் என்று நாம் சொல்வோம் இல்லையா, அது காலக் கணக்கில் சரிதான், காரணம்தான் வேறு என்றார். பிரசவமாகி மூன்று நாலு மாதத்தில் கொட்டும், வருஷம் திரும்புவதற்குள் தானே வந்துவிடும். கீரை, பயறு, பேரீச்சம்பழம் சாப்பிட வேண்டும், வருஷம் ஆகியும் கொட்டினால் ரத்தம் குறைவா என்று அங்கே ஒரு டாக்டரிடம் பார்க்க வேண்டும். உன் அப்பாவின் வழுக்கைக்கு ஏதாவது உண்டா என்றும் கேட்டுவைத்தேன். அது அவர் அப்பா கொடுத்த சொத்து, நான் தலையிட முடியாது என்றார்.

திரும்பி வரும்போது ரிக்‌ஷா ஸ்டாண்டில் தணிகாசலத்தைப் பார்த்துக் கேட்டேன், வண்டியில் வரும்போது இவள் கை எங்கே இருக்கும் என்று. தலைலதான், தெனம் பேன் பாத்துக்கினு வருதுன்னு நெனச்சிக்கினேன், நீ கேக்கவே இல்லியே ஆச்சி என்றார். பேனா, எங்கள் வீட்டிலா என்று அவரிடம் தனியாக ஒரு சண்டை போட வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வந்து கோமதியிடம், உனக்கு மொட்டை கிடையாது என்றேன். அப்போ அம்மா வந்தா என்னை அடையாளம் தெரியும் இல்ல ஆச்சி என்றாள். கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்ததெல்லாம் அதற்குத்தான். எனக்கு அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வந்து உள்ளே போய்விட்டேன். பால் ஒன்றும் வைக்கவில்லை.

வேண்டுதல் என்ன ஆயிற்று என்று கேட்பாய். வேண்டியது வேண்டியதுதான், அதை மாற்ற முடியாது. ஆனால் எங்கள் வீட்டிலிருந்து ஒரு தலை என்றுதான் முருகனிடம் சொல்லியிருந்தேன், யார் தலை என்று அவ்வளவு அழுத்திச் சொல்லவில்லை. உன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் குதித்தார், பேத்திக்காக என்றதும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அவருக்கு இருப்பது காதோரத்தில் ஒரு வரிசை. மொட்டை போடுகிறவர் கத்தியைத் தீட்டி உட்கார்ந்து, தலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, முக்காவாசி முருகனே எடுத்துக்கினாரு போலகீதே நைனா என்றார். கோமதி சிரித்தாள் பார், வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுத்த நாள் தி.நகர் கடையில் மொட்டைத் தலையோடு போய் நின்றாரா, கடைப் பையன்கள் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்து துக்கம் விசாரித்தார்களாம்.

கைக்கு வேலை என்றாரே, அதற்கு என்ன வழி என்று யோசித்தேன். வெண்டைக்காய் நறுக்கச் சொன்னேன், அரிசியில் கல் பொறுக்கச் சொன்னேன், எல்லாம் வலது கைதான் ஓடுகிறது, இடது கை போகிற இடத்துக்குப் போகிறது. நானும் ஒரு தடவை தவறிப்போய், கையை எடுடி என்று அதட்டிவிட்டேன். அன்றைக்கு முழுவதும் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், சாப்பிடக்கூட எடுக்கவில்லை. டாக்டர் சொன்னது சரிதான், அதட்டல் உதவாது. அப்போதுதான் அமீனா பீ வந்தாள். நம் கடைப் பட்டுப் புடவைகளுக்கு முந்தானைக் குஞ்சம் கட்டித் தருகிறாளே, அவளேதான். கட்டின புடவைகளைக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கிக்கொண்டு போக வந்தவள், கோமதி தலையைப் பார்த்து என்ன ஏது என்றாள். சொன்னேன். அவள் ஒரு முந்தானையை எடுத்துக் கோமதி மடியில் போட்டு, இங்க பாரு பேட்டி, பாரு மகளே, இந்த நூலை இந்தக் கையில முறுக்கு, அதை அந்தக் கையில முறுக்கு, ரெண்டும் சண்டை போட்டா முடிச்சு விழும் என்று சொல்லிக் கொடுத்தாள். முதல் குஞ்சம் குருவிக்கூடு மாதிரி இருந்தது. அதைப் பார்த்து, நல்லாருக்கு, குருவிக்குப் புடவை எடுத்தா இதைக் கட்டலாம் என்றாள் அமீனா பீ. இப்போது பள்ளிக்கூடம் விட்டு வந்து வீட்டுப்பாடம் முடித்ததும் உட்கார்ந்துவிடுகிறாள். இரண்டு கைக்கும் வேலை, விரலுக்கு முறுக்க வேண்டியது முறுக்கக் கிடைக்கிறது, முடி தப்பித்தது. மூன்று வாரம் கழித்து டாக்டர் பார்த்தபோது காலி இடத்தில் கருகரு என்று புது முடி வந்திருந்தது. என் தாத்தாவுக்குத்தான் வரலை டாக்டர் என்றாள் இவள். அவருக்கும் சிரிப்பு.

இதோடு முடிந்துவிட்டால் நான் இவ்வளவு தாள் எழுதியிருக்க மாட்டேன். கை எப்போது மேலே போகிறது என்று கவனியுங்கள், அவளைக் கேட்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கவனித்தேன். ரிக்‌ஷாவில், வீட்டுப்பாடத்தில் எல்லாம் மெல்லக் குறைந்துவிட்டது. ஒரே ஒரு சமயத்தில் மட்டும் குறையவில்லை. உன் போன கடிதம் வந்த அன்றைக்கு உன் அப்பா படிக்கிறார், இவள் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் முந்தானையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சின்னவனுக்குப் பல் வந்தது என்றதும் குஞ்சத்தைக் கீழே வைத்தாள். கண்ணாடியைப் பிடுங்கிப் போட்டான் என்று நாங்கள் எல்லோரும் சிரிக்கிறோம், அவளும் சிரிக்கிறாள், இடது கை மேலே போய்விட்டது. கடைசி வரி வரைக்கும் அங்கேயே இருந்தது. கடைசி வரி என்ன தெரியுமா, கோமதிக்கு என் முத்தங்கள், ஆச்சி சொல்படி நடக்கச் சொல்லவும். அதைக் கேட்டதும் எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் அப்புறம் பெட்டியிலிருந்து உன் கடிதங்களை எல்லாம் எடுத்துப் படித்தேன். எல்லாவற்றிலும் அவளுக்கு அந்த ஒரு வரிதான். படிக்கச் சொல்லவும், பத்திரமாக இருக்கச் சொல்லவும், கேட்டதாகச் சொல்லவும். எங்களிடம் சொல்லி அனுப்புகிறாயே தவிர, அவளிடம் நீ ஒன்றும் சொல்லவில்லை முத்து. உன் மேல் குற்றம் சொல்லவில்லை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, ஊர் தெரியாத ஊரில், கிடைத்த நேரத்தில் எழுதுகிறாய், அவள்தான் நன்றாக இருக்கிறாளே என்று நினைத்திருப்பாய். நன்றாக இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதினது நான்தானே.

அதனால் உன் வேலை இதுதான். எனக்கு எழுதாவிட்டாலும் பரவாயில்லை, அவளுக்கு ஒரு கடிதம் எழுது. தனியாக, அவள் பெயருக்கு. அதில் நன்றாகப் படி, சமர்த்தாக இரு என்று ஒன்றும் வேண்டாம், அதையெல்லாம் நான் இங்கே தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். நீ என்ன சமைத்தாய், அந்த ஊர்ப் பெண்கள் முடியை எப்படிப் பின்னுகிறார்கள், மாப்பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் யார் அதிகம் அடி வாங்குகிறார்கள், ராத்திரி எந்த நட்சத்திரம் தெரிகிறது, எது வேண்டுமானாலும் எழுது. இரண்டு கேள்வி கேள், அவள் பதில் எழுத வேண்டிய கேள்வியாக. சின்னவனைப் பற்றி எழுதினால், இவள் அந்த வயசில் என்ன செய்தாள் என்பதையும் சேர்த்து எழுது, எட்டு மாதத்தில் உன் அப்பாவின் கடைக் கணக்குத் தாளைத் தின்றாளே, அதை எழுது. அவளைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்று தோன்றினால் அதையும் எழுது, குழந்தை அழுதுவிடும் என்று மறைக்காதே. அழட்டும், அழுதால் நான் இருக்கிறேன். டிசம்பரில் நீங்கள் வரும்போது அவளை அங்கே கூட்டிக்கொண்டு போவதா இங்கேயே இருப்பதா என்பதை அவளைக் கேட்டு முடிவு செய்யுங்கள். ஆச்சி வளர்ப்பாள், ஆச்சிக்கு வருத்தமாக இருக்கும் என்று என்னைக் கணக்கில் சேர்க்காதீர்கள். எனக்கு உன் அப்பா ஒருத்தர் போதும் வளர்ப்பதற்கு.

நீ முடியை ஈரத்தோடு கொண்டை போடாதே, தலையணையில் ஈரம் இறங்கித் தலைவலி வரும். மாப்பிள்ளையை வேளைக்குச் சாப்பிடச் சொல்லு. சின்னவனுக்கு அந்த ஊர்க் களியைத் தண்ணீராகக் கரைத்துக் கொடு, கட்டியாகக் கொடுக்காதே. இந்தக் கவரில் மயில்கழுத்து நிறத்தில் சின்னதாக ஒன்று வைத்திருக்கிறேன், குருவிக்கூடு என்று சொன்னேனே, கோமதி கட்டின முதல் குஞ்சம். அமீனா பீ அதை அவிழ்க்கக் கூடாது என்று நறுக்கிக் கொடுத்துவிட்டாள். கோமதிக்கு எழுதுகிற கடிதத்தில் அது பிடித்திருக்கிறது என்று மட்டும் எழுதாதே, அதை எங்கே வைத்திருக்கிறாய் என்று எழுது. நான் சொல்லித்தான் நீ எழுதினாய் என்று அவளுக்குத் தெரிய வேண்டாம். முகவரியில் உன் அப்பா பெயரைப் போடாதே, செல்வி கோமதி என்று பெரிய எழுத்தில் போடு. நம் தெருவுக்கு வருகிற தபால்காரரிடம் நான் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். அந்தக் கடிதம் வருகிற அன்றைக்கு என்னைக் கூப்பிட வேண்டாம், உன் அப்பாவைக் கூப்பிட வேண்டாம், வாசலில் நின்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி அவள் பெயரைத்தான் கூப்பிட வேண்டும், அவள் வந்து கையை நீட்டுகிற வரைக்கும் வேறு யாரிடமும் கொடுக்கக் கூடாது. எந்தக் கையை நீட்டுகிறாள் என்று நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொள்கிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் தீர்க்காயுசாக, நோய்நொடி இல்லாமல், தலை நிறைய முடியோடு இருக்க முருகனை வேண்டிக்கொண்டு ஆசீர்வதிக்கும்,

உன் அம்மா
தங்கபுஷ்பம்